வெயில்ல வெளஞ்ச கிரனாஷ், குளுமையில குடிக்கணும்

பிரான்ஸ் ரெட் ஒயின்னு பேச்செடுத்தா நம்மாளுங்க முதல்ல போர்தோம்பாங்க, அடுத்து பூர்கோன்ம்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிடும். அவிஞ்ஞோன் பக்கத்துல ரோன் ஆத்தோரமா கிரனாஷ் திராட்சையில செய்யுற ஒயினை யாராவது ஊத்திக் குடுத்தா "நல்லாத்தான் இருக்கு, ஆனா தொண்டை எரியுது, ஜாம் மாதிரி திகட்டுது"ன்னு ஒரு வாய் குடிச்சிட்டு கிளாஸை தள்ளி வச்சிடுறாங்க. எனக்கு அதைப் பாக்கறப்பெல்லாம் மனசு கேக்கறதில்ல, ஏன்னா அந்த எரிச்சல்ல முக்கால்வாசி நாம அதைக் குடிக்கிற சூட்டுல வர்றது.

நம்பலைன்னா வீட்லயே பண்ணிப் பாருங்க. நான் போன ஜூலைல ஒரு 2016 ஜிகோந்தாஸ் (ரோன் பக்கத்து கிரனாஷ் ஊரு ஒண்ணு) பாட்டிலைத் தொறந்து பாதியை ஒரு சின்ன காலி பாட்டில்ல ஊத்தி மூடி ஃப்ரிட்ஜ்ல முக்கால் மணி நேரம் வச்சேன், மீதி கிச்சன் மேடையிலயே இருந்துச்சு. மேடையில இருந்தது 25 டிகிரி. மூக்குக்கிட்ட கொண்டுபோனதுமே ஸ்பிரிட் நெடிதான் முதல்ல ஏறுச்சு, வாயில வச்சா வெந்த பழத்தோட இனிப்பு, முழுங்கினதும் நெஞ்சு வரைக்கும் சூடு. ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்தது 16 டிகிரி. அதுல ராஸ்ப்பெரி இருந்துச்சு, ஆரஞ்சுத்தோலைக் கிள்ளினா வருமே அந்த வாசம் இருந்துச்சு, வெள்ளை மிளகு, கொஞ்சம் அதிமதுரம், கடைசியா நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் லேசா ஒரு துவர்ப்பு. ஒரே பாட்டில்தான், ஒரே கிளாஸ்தான். அன்னைக்கு என்கூட இருந்த ஃப்ரெண்டு ரெண்டும் வேற வேற ஒயின்னு சொல்லி வாதாடினான்.

இது ஏன் இப்படின்னு புரிஞ்சா மத்தது எல்லாமே தானா புரியும். கிரனாஷ் லேட்டா பழுக்கிற திராட்சை, தோல் மெல்லிசு, சர்க்கரை ரொம்ப ஏறும், புளிப்பு கம்மி. ஸ்பெயின்ல அரகோன் பக்கம்தான் அதோட பூர்வீகம்னு பெரும்பாலும் சொல்றாங்க, அங்க அதுக்குப் பேரு கர்னாச்சா, சார்டினியா தீவுல கானனாவ். வறட்சி தாங்கும், வடக்க இருந்து நாள்கணக்கா அடிக்கிற மிஸ்த்ரால் காத்தையும் தாங்கும், அதனாலதான் அங்க பழைய கொடிங்களைப் பந்தல் கம்பி எதுவும் இல்லாம குட்டைப் புதர் மாதிரி தானா நிக்க விட்டிருக்காங்க. அவ்வளவு சர்க்கரையும் ஆல்கஹாலா மாறும்போது 14.5, 15, சில வருஷம் 15.5 சதவீதம் வரைக்கும் போயிடுது. புளிப்பு கம்மியா இருக்கற ஒயின்ல இவ்வளவு ஆல்கஹால் இருந்தா அதைத் தட்டி வைக்கிறது குளுமை ஒண்ணுதான். ரெட் ஒயின்னா ரூம் டெம்பரேச்சர்னு ஒரு பேச்சு இருக்கே, அது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பா வீட்டு ரூமு, 17, 18 டிகிரிதான் இருக்கும். சென்னை, பாண்டிச்சேரி ரூமை அது சொல்லவே இல்ல.

இன்னொரு குணம், கிரனாஷுக்கு காத்து சேராது. சீக்கிரம் ஆக்சிஜன் பட்டு பழுப்பாயிடும், வாசம் போயிடும். அதனால அந்தப் பக்கத்து ஆளுங்க பலபேரு இதைச் சின்னப் புது ஓக் பீப்பாயில போடறதில்ல, சிமெண்ட் தொட்டியில புளிக்க வச்சு, ஃபூத்ர்னு சொல்ற பெரிய பெரிய பழைய மரத் தொட்டியில வளக்கறாங்க. வெனிலா, டோஸ்ட் வாசமெல்லாம் தூக்கலா அடிக்கணும்னு எதிர்பாக்காதீங்க, இங்க பழமும் செடி வாசமும்தான் முன்னாடி நிக்கும்.

சரி எதை வாங்கறது. புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு நல்ல தோட்டக்காரரோட கோத் து ரோன் (ரோன் பக்கத்து ஒயினுக்குப் பொதுவான பேரு), இல்லன்னா கெரான் (2016ல தன் பேர்லயே ஒயின் விக்கிற தனி அந்தஸ்து வாங்கின ஊரு), இல்லன்னா ராஸ்தோ வாங்குங்க, காசும் கம்மி, கிரனாஷ் முகம் தெளிவா தெரியும். அடுத்த படி வாக்கெராஸ், ஜிகோந்தாஸ். ஜிகோந்தாஸ் 1971ல தனி அந்தஸ்து வாங்குச்சு, அதுல பாதிக்குக் கொறையாம கிரனாஷ் இருக்கணும், தோந்தேல் து மோன்மிராய்னு ரம்பப் பல்லு மாதிரி நிக்கிற சுண்ணாம்புப் பாறைக்குக் கீழ சரிவுல இருக்கற தோட்டங்க, உசரத்துல கொஞ்சம் குளுமை, அதனால ஒயின்ல ஒரு விறைப்பு இருக்கும். என் கருத்துல கையில இருக்கற காசுக்கு வச்சுக் குடிக்க ஏத்தது ஜிகோந்தாஸ்தான், பக்கத்து ஊரோட பேருக்காகக் குடுக்கற எக்ஸ்ட்ரா காசு இதுல இல்ல.

அந்தப் பக்கத்து ஊருதான் ஷாத்தோநெஃப் து பாப், போப்பாண்டவரோட புதுக்கோட்டைன்னு அர்த்தம். 1309ல இருந்து 1377 வரைக்கும் போப்புங்க ரோமை விட்டு அவிஞ்ஞோன்ல இருந்தாங்க, அதுல இருபத்திரெண்டாம் யோவான் கட்டின கோட்டையோட இடிஞ்ச சுவரு இன்னும் ஊருக்கு மேல நிக்குது. 1923ல கலப்படம் தாங்காம ஊர்க்காரங்க பாரோன் லெ ருவாங்கிற தோட்டக்காரர்கிட்ட போய் நிக்க, அவரு சட்ட திட்டம் எழுதினாரு, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, லாவெண்டரும் தைமும் சேந்து மொளைக்கிற வறண்ட நிலத்துலதான் இந்த ஒயின் வெளையணும்னு வச்சது. 1936ல அரசாங்க அங்கீகாரம். இன்னைக்கும் மெஷின் வச்சு அறுக்கக்கூடாது, கையாலதான் பறிக்கணும், ஒரு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு மேல எடுக்கக்கூடாது. பதிமூணு வகை திராட்சைக்கு அனுமதி உண்டு, ஆனாலும் ராஜா கிரனாஷ்தான்.

ஒரே ஊருக்குள்ளயே மண்ணு மாற மாற ஒயினும் மாறுது, இதை மட்டும் பழகிட்டீங்கன்னா ருசிக்கிறதுல பாதி வந்த மாதிரி. படத்துல எல்லாரும் பாக்கற உருண்டைக் கூழாங்கல்லு நெறஞ்ச மேட்டு நிலம் லா குரோ, வியூ தெலெகிராஃப் தோட்டமெல்லாம் அங்கதான், பகல்ல கல்லு வாங்கின சூட்டை ராத்திரி கொடிக்குத் திருப்பிக் குடுக்கும், ஒயின் கனமா, நெறைவா, வாயை ரொப்பற மாதிரி வரும். மணல் மண்ணுல வந்தது மெல்லிசா, வெளிறின நிறத்துல, வாசம் மட்டும் அறை பூரா பரவற மாதிரி இருக்கும், ஷாத்தோ ராயாஸ் அப்படித்தான், காட்டுக்கு நடுவுல குளிர்ச்சியான மணல்ல முழுக்க கிரனாஷ் மட்டுமே. போகாஸ்தெல் தோட்டம் வேற வழி, அதுல மூர்வெத்ர் திராட்சை அதிகம் சேக்கறதால இளசுல முரடா இருந்து நிதானமா பழுக்கும், அதைக் குடிச்சிட்டு கிரனாஷ் இப்படித்தான்னு முடிவு பண்ணிடாதீங்க.

இப்ப ருசிக்கிறதுக்கு வருவோம். வயித்துப்பகுதி அகலமா, வாய் கொஞ்சம் குறுகலா இருக்கற கிளாஸ், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க. முதல்ல வெள்ளைக் காகிதத்து மேல சாய்ச்சு நிறம் பாருங்க, ஆனா நிறத்தை வச்சு தரத்தை மட்டும் சொல்லிடாதீங்க, கிரனாஷ் தோல் மெல்லிசுங்கறதால அடியில விரல் வச்சா தெரியற அளவுக்கு வெளிறி இருக்கும், அது குறை கிடையாது. ஓரத்தைத்தான் பாக்கணும்: ஊதாவா இருந்தா இளசு, செங்கல் நிறத்துக்குத் திரும்பினா வயசு ஏறிடுச்சு, ஓரத்துல இருந்து நடு வரைக்கும் முழுக்கப் பழுப்புன்னா ஒண்ணு ரொம்ப கெழடு, இல்ல எங்கயோ சூடு வாங்கியிருக்கு.

அப்புறம் கிளாஸை ஆட்டாமலே ஒரு தடவை மோந்து பாருங்க, ஆட்டினதும் ஒரு தடவை. ஆட்டாம மோக்கறப்பவே ஆல்கஹால் குத்துச்சுன்னா ருசிக்கிற வேலையை நிறுத்திட்டு பாட்டிலை ஐஸ் தண்ணியில பத்து நிமிஷம் வைங்க, எடுத்து வச்சா கிளாஸ்ல அது தானா ஏறிக்கும், 14ல ஆரம்பிச்சு 17ல முடிக்கிறதுதான் நல்லா இருக்கும், குளிர் போகப் போக ஒவ்வொரு வாசமா வெளிய வர்றதை ஆற அமர பாக்கலாம். இளசுல சிவப்புப் பழம்தான், ராஸ்ப்பெரி, ஸ்ட்ராபெரி, செர்ரி. அதுக்குப் பின்னாடி அவங்க காரீக்னு சொல்ற புதர்க்காட்டு வாசம், தைம், ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் வெயில்ல காஞ்சு கெடக்கற வாசம், நமக்கு அது எப்படின்னா சித்திரை மாசம் மத்தியானம் காஞ்ச துளசியையும் நொச்சியையும் உள்ளங்கையில கசக்கினா வரும்ல, அந்த மாதிரி. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா கார்க் கெட்டிருக்கு, அதை ஒண்ணும் பண்ண முடியாது, கடையில திருப்பிக் குடுங்க. மாட்டுத் தொழுவ வாடை வந்தா அது பிரெட்னு ஒரு ஈஸ்ட்டோட வேலை, பழைய ரோன் ஒயின்ல கொஞ்சமா இருந்தா எனக்கு ஒண்ணும் தோணாது, பழ வாசத்தையே மூடுற அளவு இருந்தா தப்பு.

வாயில வச்சதும் உடனே முழுங்காதீங்க, நாக்கு முழுக்க உருட்டுங்க. அறுசுவையில துவர்ப்புன்னு நமக்கு ஒண்ணு தனியா இருக்கே, வாழைப்பூலயும் நெல்லிக்காய்லயும் வர்றது, அந்தப் பழக்கம் இங்க பெரிய உதவி. போர்தோல துவர்ப்பு ஈறு வரைக்கும் பிடிச்சு இழுக்கும், கிரனாஷ்ல அது மாவு மாதிரி மென்மையா இருக்கும், இருக்கறதே தெரியாது, முழுங்கி பத்து செகண்ட் கழிச்சு நாக்கு காயும்போதுதான் தெரியும். அடுத்து இனிப்பு. நெசமா சர்க்கரை இருக்கறதில்ல, பழுத்த பழமும் ஆல்கஹாலும் சேந்து இனிப்பு மாதிரி காட்டுது. நல்ல கிரனாஷா இல்லையான்னு நான் ஒண்ணை வச்சுத்தான் முடிவு பண்றேன், முழுங்கினதுக்கப்புறம் வாயில தண்ணி ஊறுதா. ஊறினா அந்தச் சூட்டுக்குள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம், அந்த ஒயினை வச்சுக் குடிக்கலாம். வெறும் இனிப்பும் சூடும் மட்டும் நின்னா இந்த வாரமே குடிச்சு முடிச்சிடுங்க, வருஷம் போனா அது தேறாது.

வச்சுக் குடிக்கிறதுல கிரனாஷ் நம்மளை எப்படி ஏமாத்தும்னா, பொறந்ததுமே அழகா இருக்கும். மூணு வருஷத்துல தொறந்தா பழம் பழமா கொட்டும், இதுக்கு மேல என்ன இருக்குன்னு தோணும். அப்புறம் நாலஞ்சு வருஷத்துல நல்ல ஷாத்தோநெஃப் வாயை மூடிக்கும், பழம் போயிருக்கும், வயசான வாசம் வந்திருக்காது, ஆல்கஹால் மட்டும் துருத்திட்டு நிக்கும், அந்த சமயத்துல தொறந்தவங்கதான் "கெட்டுப்போச்சு"ன்னு மத்த பாட்டிலையும் தள்ளி விட்டுடறாங்க. கெடல, பாகு கம்பிப் பதத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஆகாத மாதிரி கொதிச்சிட்டு இருக்குமே, அந்தக் கட்டம். ஏழெட்டு வருஷம் ஆனதும் திரும்ப வாயைத் தொறக்கும், அப்ப வேற ஒயினா வரும். அதனால ஒரே ஒயின்ல ஆறு பாட்டில் வாங்க முடிஞ்சா ஒண்ணை முதல் மூணு வருஷத்துல குடிங்க, அடுத்ததை எட்டாவது வருஷத்துல தொறங்க, மீதியை அதைப் பாத்து முடிவு பண்ணுங்க.

என் கணக்கு இது: சாதா கோத் து ரோன் மூணு நாலு வருஷத்துக்குள்ள. கெரான், ராஸ்தோ எட்டு வருஷம் வரைக்கும். வாக்கெராஸ் பத்து. ஜிகோந்தாஸ் எட்டுல இருந்து பதினஞ்சு. ஷாத்தோநெஃப் பத்துல இருந்து இருபது, நல்ல வருஷம், நல்ல தோட்டம்னா அதுக்கு மேலயும். வருஷமும் முக்கியம், 1998 கிரனாஷுக்குன்னே பொறந்த வருஷம், 2010, 2016 ரெண்டும் சூடும் புளிப்பும் சரியா அமைஞ்ச வருஷம், கண்ணை மூடிட்டு வைக்கலாம். 2002ல அறுவடை நேரத்துல மழை வெள்ளம், 2003ல அனல் காத்து, அந்த ரெண்டையும் இப்ப தேடிப் போய் வாங்க வேண்டியதில்ல. 2013 மாதிரி சில வருஷத்துல பூ உதிர்ந்து கிரனாஷ் காய்ப்பே கம்மியாயிடும், கூலூர்னு பேரு, அந்த வருஷ ஒயின்ல மத்த திராட்சையோட குரல்தான் கூட கேக்கும். 2021 வசந்தத்துல உறைபனி, அப்புறமும் குளுமை, ஒயின் இலேசு, சீக்கிரமா குடிக்க நல்லது.

எங்க வைக்கிறது. நான் இருக்கறது லியோன், பழைய கட்டடம், ஒவ்வொரு வீட்டுக்கும் பூமிக்கடியில சின்னதா ஒரு அறை, காவ்னு சொல்வாங்க, மண் தரை, கல் சுவரு, குளிர்காலத்துல 11, ஆகஸ்ட்ல 16, அதுவும் மாசக்கணக்குல மெதுவா ஏறி மெதுவா இறங்கும். அந்த மெதுவுதான் முக்கியம். 12ல இருந்து 14 டிகிரி சிறப்பு, ஆனா நிலையா 16ல இருக்கறது, பகல் 20 ராத்திரி 12ன்னு ஆடுறதை விட எவ்வளவோ மேல், ஏன்னா சூட்டுல ஒயின் விரிஞ்சு கார்க்கைத் தள்ளும், குளிர்ல சுருங்கி வெளிக்காத்தை உள்ள இழுக்கும், காத்து சேராத திராட்சைன்னு மேல சொன்னேனே. கார்க் காயாம இருக்க பாட்டிலைப் படுக்க வைக்கணும், ஈரப்பதம் 70 சதவீதம் சுத்தி இருந்தா நல்லது, வெளிச்சம் வேண்டாம், வாஷிங் மெஷின் பக்கத்துல வேண்டாம்.

ஊர்ல இருக்கறவங்களுக்கு நெசத்தைச் சொல்லிடறேன். நம்ம ஊரு வெயில்ல அலமாரியில வச்சு வருஷக்கணக்கா காப்பாத்த முடியாது. ராத்திரி மட்டும் ஏசி ஓடுற பெட்ரூம் அதை விட மோசம், தினமும் ஏறி இறங்கும். ஒயின் ஃப்ரிட்ஜ் இருந்தா அதுல வைங்க, கரண்ட் போற ஊருன்னா அதுக்கு இன்வெர்ட்டர் இருக்கான்னு பாத்துக்கோங்க. அதுவும் இல்லன்னா சாதா ஃப்ரிட்ஜ்ல அடித்தட்டுல சில மாசம் வச்சு குடிச்சிடுங்க, ரொம்பக் குளிரு, ரொம்ப வறட்சி, ஆனாலும் 33 டிகிரியை விட அது பரவாயில்ல. வாங்கறப்பவே பாருங்க: கண்ணாடி ஷோகேஸ்ல லைட்டுக்கு அடியில நின்னுட்டு இருந்த பாட்டில் வேண்டாம், கார்க் பாட்டில் வாயைவிட மேல எம்பியிருந்தாலோ கழுத்துல ஒட்டுன ஒயின் கறை இருந்தாலோ வேண்டாம். ஒரு தடவை லீவுக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு கடையில ஆசைப்பட்டு நல்ல ஷாத்தோநெஃப் ஒண்ணு வாங்கினேன், ஆறே வயசு, தொறந்தா வெந்த கொடிமுந்திரியும் சோயா சாஸும் மட்டும்தான், ஓரம் முழுக்க பழுப்பு. தோட்டக்காரரு ஒரு வருஷம் பாடுபட்டதை ஒரு கோடை தின்னுடுச்சு, அது எனக்கு இன்னும் வலிக்குது.

பழைய பாட்டிலைத் தொறக்கற முறையையும் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்துமஸுக்கு ஒரு 1998 ஷாத்தோநெஃப் தொறந்தோம். ரெண்டு நாள் முன்னாடியே காவ்ல இருந்து எடுத்து செங்குத்தா நிக்க வச்சேன், வண்டல் அடியில போய் உக்காரட்டும்னு. வயசான கார்க் ஸ்க்ரூவுல நொறுங்கும், அதனால ரெண்டு மெல்லிசு தகடு இருக்கற ஓப்பனரை எடுத்து கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாத்தி மாத்தி அசைச்சு இறக்கி, திருகிட்டே மெதுவா இழுத்தேன், முழுசா வந்துச்சு, அடி ஓரம் மட்டும் ரத்தச் சிவப்பா ஊறியிருந்துச்சு. கழுத்துக்குப் பின்னாடி டார்ச் வச்சு ஒரே கையோட்டத்துல ஊத்தினேன், கறுப்பா ஒரு கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திட்டேன். நிறம் மாதுளைச் சாறுல கொஞ்சம் டீ கலந்த மாதிரி. முதல் அஞ்சு நிமிஷம் தோல் செருப்பு, பழைய மரப்பெட்டி. அப்புறம் காஞ்ச அத்திப்பழம், ஆரஞ்சுத்தோல், அதிமதுரம், கடைசி வரைக்கும் அந்தக் காஞ்ச தைம். ஒரு மணி நேரம் உச்சத்துல இருந்துச்சு, அதுக்கப்புறம் வாசம் மங்க ஆரம்பிச்சிடுச்சு. அதனால பழைய கிரனாஷை மணிக்கணக்கா டிகாண்ட்டர்ல (காத்து படறதுக்கு ஒயினை ஊத்தி வைக்கிற அகலக் குடுவை) ஊத்தி வைக்காதீங்க, தொறந்து, ஊத்தி, குடிச்சிடுங்க. இளசுக்கு மட்டும்தான் ஒரு மணி நேர டிகாண்ட்டர்.

கூட என்ன சாப்பிடறதுன்னா, ஆட்டுத் தொடையை ரோஸ்மேரி போட்டு சுட்டது, தோப்னு மாட்டுக்கறியை ஒயின்லயே மணிக்கணக்கா வேக வச்ச குழம்பு, அதுதான் அந்த ஊர் ஜோடி. நம்ம சமையல்ல மிளகு போட்ட மட்டன் சுக்கா அருமையா சேரும், மிளகாய் தூக்கலா இருந்தா வேண்டாம், 15 சதவீத ஆல்கஹாலும் மிளகாயும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டு வாயில தீ வைக்கும்.

கடைசியா காவும் இல்லாம ஒயின் ஃப்ரிட்ஜும் இல்லாம இருக்கறவங்களுக்கு. ஸ்பெயின் எல்லையில கடலோரமா பன்யூல்ஸ்னு ஒரு ஊரு, கொஞ்சம் உள்ள தள்ளி மோரி. அங்க கிரனாஷ் புளிச்சிட்டு இருக்கும்போதே பாதியில திராட்சை ஸ்பிரிட்டை ஊத்தி நிறுத்திடுவாங்க, இனிப்பு அப்படியே தங்கிடும், ஆல்கஹால் 16 சதவீதம் சுத்தி நிக்கும். அதுல ஒரு வகையைப் பெரிய கண்ணாடிக் குடுவையில ரொப்பி வெட்ட வெளியில வெயில்லயும் பனியிலயும் மாசக்கணக்கா வேணும்னே கெடத்துவாங்க, மத்த கிரனாஷைக் கொல்லுற அதே வெயிலும் காத்தும்தான் இதை வளக்குது, வால்நட், காபி, பேரீச்சம்பழம், புளி சேத்துக் காய்ச்சின வெல்லப்பாகு மாதிரி ஒரு ஆழம் வரும். காத்து பட்டே வளந்ததால தொறந்த பாட்டில் ஃப்ரிட்ஜ்ல வாரக்கணக்கா கெடாம இருக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் கறுப்பு சாக்லேட்டோட சின்ன கிளாஸ்ல, 14 டிகிரியில, ஒரு நாளைக்கு ஒரு கிளாஸா குடிக்கலாம். வாங்கறப்போ லேபிள்ல திராதிசியோனல், இல்லன்னா ரான்சியோன்னு போட்டிருக்கான்னு பாருங்க, ரீமாஜ்னு போட்டிருந்தா அது காத்து படாம பழ வாசத்தோட பாட்டில்ல அடைச்ச வகை, அதைத் தொறந்தா சில நாள்ல முடிச்சிடணும்.